குடை பிடித்த கை

அன்புள்ள ஆசிரியர் தம்பிக்கு,

என் மனைவியை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். வீட்டில் எல்லோரும் நலம்தானே என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரிக்கரை ஊரைப் பற்றி நான் அனுப்பிய பயணக் கட்டுரையில் பத்திக்குப் பத்தி அவள் வருவாள். படகில் ஏறமாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டது அவள். விடுதி மெத்தையைத் தட்டிப் பார்த்து, "இதுல படுக்கிறதுக்கு நின்னுகிட்டே தூங்கலாம்" என்றது அவள். அச்சில் பார்த்தால் நான் தன்னந்தனியாக ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். சரி, வெட்டினதுதான் வெட்டினீர்கள், ஒழுங்காக வெட்டக் கூடாதா? "இரண்டு காபி சொன்னோம்" என்ற வரியை அப்படியே விட்டுவிட்டீர்கள். படத்திலும் அவளை ஓரத்தோடு நறுக்கிவிட்டு, என் தலைக்கு மேல் குடை பிடித்த கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள்.

இதழ் வந்த அன்றே என் மைத்துனி ஃபோன் போட்டுவிட்டாள். "என்னக்கா, மாமா யாரோடயோ ஊர் சுத்திட்டு வந்திருக்காரு போல! காபியெல்லாம் வாங்கிக் குடுத்திருக்காரே!" அது என் கைதான்டி என்று இவள் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "எனக்கென்னடி தெரியும்? நான்தான் போகவே இல்லையாமே" என்று ஃபோனை வைத்துவிட்டாள். மாடி வீட்டுக்காரரும் இதழை வாங்கி வைத்துக்கொண்டு, "கை இளமையா இருக்கே சார்" என்றார். அதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்று நினைக்கிறேன், காட்டிக்கொள்ளவில்லை.

உங்களைக் கேட்டால், "ஐயா, படிக்கிறவங்களுக்கு ஊர்தான் வேணும், உங்க வீட்டுச் சண்டை எதுக்கு?" என்கிறீர்கள். தம்பி, நான் யாரிடமும் போய் எழுதக் கற்றவனில்லை; நானே எழுதி நானே கிழித்துக் கற்றவன். இதழாசிரியரோடு ஒத்துப்போக வேண்டும் என்று எனக்கும் தெரியும். கெடு தவறியதில்லை. ஒரு காற்புள்ளிக்காக ஒரே ஒரு முறைதான் சண்டை போட்டேன். நீங்கள் ஃபோனை எடுக்காததால் அது பல முறையாகத் தெரிந்திருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க, எனக்கு ஊரைப் பாக்கவே தெரியாது. நான் ரயில் நேரத்தைப் பாப்பேன், டிக்கெட்டைத் தொலைப்பேன், அவ்வளவுதான். ஊரைப் பாக்கிறவ அவதான். இப்ப, "தனியாப் போற ஆளு தனியாவே போங்க"ன்னு பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. அடுத்த இதழுக்கு நீங்க கேட்ட கலங்கரை விளக்கக் கட்டுரையும் அதோட பரண் ஏறிடுச்சு.

ஆகவே, நான் தனியாகப் போகவில்லை என்று நீங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். பக்கம் அமைப்பவர், கைக்கு உரிய ஆள் தெரியும்படி முழுப் படத்தையும் போட வேண்டும். மைத்துனியிடம் உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது பேச வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டாள். என் மனைவியிடம் நீங்களேதான் பேச வேண்டும். பெட்டியை இறக்குவது என் பொறுப்பு.

உங்கள் இதழ் செழிக்கட்டும், கத்தரி மழுங்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத
உங்கள் பயணக் கட்டுரைக்காரன்

பி.கு.: வழக்கம்போல இதையும் தபாலில் போடும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். "பாவம் அந்தத் தம்பி, இவ்வளவு நீளமா யாரு படிப்பாங்க? நான் மெத்தையைத் திட்டினதை எழுதத் தெரிஞ்சுது. கரையில உக்காந்து படகுக்காரர்கிட்ட ஏரிக் கதையெல்லாம் கேட்டு வந்து சொன்னேனே, அதை எழுதினீங்களா? அவரு வெட்டினதே மேல்" என்றாள். எனவே மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். பெட்டி இறங்கிவிட்டது. கலங்கரை விளக்கத்தைப் பற்றி அவளே எழுதுகிறாளாம். குடை பிடிக்க நான் கூடப் போக வேண்டும். படத்தில் இந்த முறை என் கை மட்டும் வந்தால் போதும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள்.