முன்பக்கத்துக்கு மட்டும் டைல்ஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்கு என் மானம் கப்பலேறியது என்று எழுதலாம். ஆனால் எங்கள் ஊர் வாய்க்காலில் கப்பல் வராது, பொக்லைன்தான் வந்தது.

ஒப்புக்கொள்கிறேன். மகள் கயலைப் பெண் பார்க்க மயிலாடுதுறையிலிருந்து வருகிறார்கள் என்றதும், குடவாசலுக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் மட்டும் டைல்ஸ் ஒட்டிய மகா புத்திசாலி நான். பின்பக்கம் பூச்சே இல்லாமல் செங்கல் பல்லை இளித்தது.

"இதுக்குப் பேருதான்ப்பா ஃபசாட். உள்ள ஒண்ணு, வெளிய காட்டுறது ஒண்ணு" என்றாள் கயல்.

"எங்க, வாக்கியத்துல அமைச்சுக் காட்டு" என்றேன். (வாத்தியார் புத்தி!)

"எங்கப்பா கட்டுன வீடு ஒரு ஃபசாட். எங்கப்பாவும்தான்."

மூன்று வரன் தட்டிப்போன வீட்டில் பெண்ணுக்கு இவ்வளவு வாய்! இதுவும் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், உடைந்த கட்டில், துருப்பிடித்த பீரோ, என் ஓட்டை பனியன்கள் எல்லாவற்றையும் விடிந்ததும் கொல்லையில் கொண்டுபோய்த் தள்ளினேன்.

ஒன்பது ஐம்பதுக்கு, வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன், ரோட்டிலிருந்து என் வாசலுக்கு வரும் குழாய்ப் பாலத்தைப் பிடுங்கிக் கரையில் போட்டது.

"ஏம்ப்பா! பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கப்பா!"

"குழா அடைச்சிருக்கு சார். சாயந்தரம் போட்டுர்றோம். கொல்லப்பக்கம் வழி இருக்குல்ல?"

(இருக்கிறது. அதுதானே பிரச்சினை!)

பலகை ஒன்றைக் குறுக்கே போட்டு ஏறிப் பார்த்தேன். பலகை சேற்றில் அமிழ்ந்தது. கூடவே பட்டு வேட்டியோடு நானும், முழங்கால் வரை. மேலேயிருந்து டிரைவர் கத்தினார்: "கவலப்படாதீங்க சார்! கார்ல வந்தவங்கள நானே கொல்லப்பக்கமா அனுப்பிட்டேன்!"

புது டைல்ஸில் சேற்றுக்கால் பதிய, வீட்டுக்குள் புகுந்து ஓடினேன். கொல்லையில் பீரோவுக்கும் பனியன்களுக்கும் நடுவே, மாப்பிள்ளையின் அம்மா செங்கல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்றைக்கும் பொக்லைன் சத்தம் கேட்டால், பாலம் இருக்கிறதா என்று வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். சம்பந்தி வீட்டாரோ, பாலம் போட்ட பிறகும் வேண்டுமென்றே கொல்லை வழியாகத்தான் வருகிறார்கள். அன்று அந்த அம்மாள் என் சேற்றுக்காலைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"ரோட்டுலேருந்து உங்க டைல்ஸப் பாத்ததும், பெரிய எடம்போல, நமக்கு ஒத்து வராது, வண்டியத் திருப்புன்னுட்டேங்க. அந்தப் பொக்லைன்காரருதான் இந்தப் பக்கம் அனுப்பி வச்சாரு. இப்பத்தான் நிம்மதி. எங்க வீட்டுலயும் முன்னாடி மட்டுந்தாங்க டைல்ஸு!"