கட்டி மேஸ்திரி தராத கதவு

ஜவ்வாது மலையில் நேராக வளர்ந்த மரங்கள் அத்தனையையும் முகத்துக்கு நேராக அவமதித்த ஒரே மனிதர் கட்டி மேஸ்திரிதான். ஒரு கோணலும் இல்லாமல் ஓங்கி நிற்கும் வேங்கையைக் காட்டினால், வேண்டாத சம்பந்தி எதிரே வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குப் பக்கத்திலேயே முதுகு புடைத்து, கூனிக்கொண்டு ஒரு புளியமரம் நின்றால், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவார்.

அவர் தச்சர். பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பேச்சு மரத்துக்குப் போய்விட்டது. மரத்தின் உடம்பில் அடிபட்டோ பூச்சி கடித்தோ பானை மாதிரி வீங்கிக்கொள்ளும் புடைப்பைத்தான் அவர் கட்டி என்பார். அதை அறுத்தால் உள்ளே ரேகைகள் நேராக ஓடாமல் சுழித்து, கண் கண்ணாகத் தெரியும். அதற்குப் பூ என்று பெயர். பூ இல்லாத பலகை அவருக்குப் பலகையே இல்லை.

பட்டப்பெயரால் விபரீதமும் நடந்தது. கட்டி பார்ப்பவர் என்று யாரோ சொன்னதை நம்பி, நெல்லிவாசல் பக்கமிருந்து ஒரு பெண் கழுத்து வீக்கத்தோடு அவரைத் தேடி வந்தார். மேஸ்திரி பதறவில்லை. இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கேஸு இல்லம்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி ஜீப்பிலும் ஏற்றிவிட்டார். அந்தப் பெண் குணமாகித் திரும்பினார். பேர் மேஸ்திரிக்கு வந்தது.

மலையில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் நான் உதவியாளராக இருந்தேன். கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்குவதும், அன்றன்றைய நடப்பை டைரியில் எழுதுவதும் என் வழக்கம். அந்த ஒழுங்குக்குள் மேஸ்திரி வந்தது ஒரு நாற்காலிக் காலை ஒட்டுவதற்காக. நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், நாற்காலியை விட்டுவிட்டு எங்கள் பச்சை அலமாரியில் ஒரு முழ அகலத்துக்குச் சாயத்தைச் சுரண்டி, அங்கே தண்ணீரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க வந்து பாருங்க. பலா. உள்ள புலி வரி வரியா ஓடுது. இத்தப் போயி பெயிண்ட் அடிச்சி மூடி வச்சிக்கீறாங்க."

அரசுச் சொத்தின் சாயம் சுரண்டப்பட்டதற்கு நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நாற்காலிக்கு இன்றுவரை மூன்று கால்தான்.

ஷேர் ஜீப்பில் அவரோடு போவது அதைவிடக் கொடுமை. பதினாலு பேர் அடைந்து கிடக்கும் வண்டியைத் தட்டி நிறுத்துவார். இறங்கிப் போய், மரம் செதுக்கும் வாச்சியைத் திருப்பிப் பிடித்து ஒரு மரத்தைத் தட்டிக் காது வைப்பார். கணீரென்றால் உள்ளே கெட்டி, பொத்தென்றால் உளுத்தது. பட்டையில் உள்ளங்கையை ஓட்டி, மேலே அலை தெரிந்தால் உள்ளேயும் அலை இருக்கும் என்பார். பிறகு, எல்லோரும் இறங்கி வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார். நான் அறிந்தவரை ஒருவர்கூட இறங்கியதில்லை. டிரைவர் ஹாரன் அடிப்பார். ஒரு முறை வண்டி போயேவிட்டது. அவரை விட்டுவிட்டுப் போனது நியாயம். அவர் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற என்னையும் விட்டுவிட்டுப் போனதுதான் அநியாயம்.

இப்படிப்பட்டவரிடம் கதவு செய்யச் சொன்னது யார் தவறு என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். என் தவறுதான்.

கணியம்பாடியில் வீடு கட்டினோம். வாசக்கால் வைத்தாகிவிட்டது. கதவு மட்டும் பாக்கி. ஆறே முக்கால் அடிக்கு மூன்றே கால் அடி, வேங்கையில் ஒற்றைக் கதவு, அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று அளவோடு எழுதிக் கொடுத்தேன். மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கோடு போட்ட நோட்டு மாதிரி? நடுவுல ஒரு பலகை, புளியங்கட்டில வைக்கலாம். வர்றவன் பெல் அடிக்க மறந்துட்டு நிப்பான்."

வருகிறவர்கள் பெல் அடித்தால் போதும் என்றேன். அவர் காதில் விழவில்லை. மலைமேல் ஒரு சிற்றூரில், அண்ணாமலை என்பவரின் பட்டா நிலத்தில் பழைய புளியமரம் ஒன்று இருந்தது. இடுப்பு உயரத்தில் அண்டா அளவுக்குக் கட்டி. அதன் மேல் சின்னச் சின்ன மொட்டுகள் முளைத்திருந்ததால் உள்ளே கண்கள் நிறைய இருக்கும் என்பது மேஸ்திரியின் கணக்கு. அண்ணாமலையும் அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் மழைக்காலத்தில் அறுத்தால் வெடிக்கும் என்று மேஸ்திரி தை மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்.

அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. வேறு யாரும் கை வைக்காமலிருக்க அடையாளம் வைக்க வேண்டும். கரிக்கோடு மழையில் கரைந்துவிடும். பெயிண்டில் எழுதினால் வனத்துறை எண் என்று நினைத்து மரத்துக்காரரே பயந்துவிடுவார். ஆகவே மேஸ்திரி, மிகவும் யோசித்து, கட்டியின் மேல் மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

தை பிறந்து ரம்பத்தோடு போனபோது கட்டிக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. எதிரே சூலம். சூலத்தில் எலுமிச்சம்பழம். பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் காணாமல் போயிருந்த அண்ணாமலையின் பசு, பொட்டு வைத்த மறுநாளே அந்த மரத்தடியில் வந்து நின்றதாம்.

மேஸ்திரி அங்கேயே உண்மையைச் சொல்லிவிட்டார். பொட்டு வைத்தது தான்தான் என்றார். அண்ணாமலையின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் வச்சே, யாரு இல்லன்னது? உன் கைய புடிச்சி வைக்க வச்சது யாரு?"

அதோடு விடவில்லை. முதல் பொட்டு வைத்த கைதான் இனியும் வைக்க வேண்டும் என்று சொல்லி, அமாவாசைக்கு அமாவாசை அவரே வந்து பூசை செய்ய வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டார். கதவு செய்யப் போனவர் பூசாரியாகத் திரும்பி வந்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு அப்போது இருபத்திரண்டு நாள் இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. வாசலில் தார்ப்பாய் தொங்கியது. கதவில்லாத வீட்டில் எப்படிப் பால் காய்ச்சுவது என்று மனைவி கேட்டாள். அடுத்த அமாவாசைக்கு நானே ஜீப் ஏறி மேஸ்திரியோடு மலைக்குப் போனேன்.

ஊர்க்காரர்கள் நினைத்ததைவிட நியாயமானவர்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். அண்ணாமலைதான் முடிவு சொன்னார்.

"அம்மாவுக்கு சாரு வூட்டு வாசல்ல போயி நிக்கணும்னு ஆசை இருந்தா, நாங்க தடுக்க முடியுமாங்க? பூ கேட்டுடலாம்."

கட்டியின் இரு பக்கமும் பூ ஒட்டி வைப்பார்கள்; வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் இல்லை. பூ வைக்க வேண்டியவர் பூசாரி. எனக்கு உயிரே வந்தது. மேஸ்திரி பத்து மாதமாகக் காத்திருந்த கட்டி, என் கதவு, இரண்டும் அவர் கையிலேயே இருந்தன.

நான் எதையும் கவனித்துப் பார்க்கிறவன். அன்றும் கவனித்தேன். வலப்பக்கத்துப் பூவை நன்றாகத் தண்ணீரில் நனைத்து, ஒரு மடிப்புக்குள் கட்டை விரலால் அழுத்தி வைத்தார். இடப்பக்கத்துப் பூவைக் காய்ந்தபடியே, வழவழப்பான சரிவில் சும்மா சாய்த்து வைத்தார். சூடம் ஏற்றுவதற்குள் அது விழுந்துவிட்டது. குலவைச் சத்தம் எழுந்தது. நான் மட்டும் கை கூப்பவில்லை.

திரும்பும் ஜீப்பில் நான் வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பாதி வளைவுகள் இறங்கியதும் அவராகவே வாயைத் திறந்தார்.

"பார்த்துட்டீங்க இல்ல, சார்?"

"பார்த்தேன்."

"முப்பது வருசமா எத்தினி கட்டி காட்டிக்கீறேன். ஒருத்தன் இறங்கி வந்து பார்த்ததில்ல. இத்த மட்டுந்தான் ஊரே வந்து பாக்குது. நான் எப்டி சார் அறுப்பேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கதவு என்ன ஆவது என்று மட்டும் கேட்டேன். வரும் என்றார்.

வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் மாலை, மினி லாரியில். ஆறே முக்கால் அடிக்கு மூன்றே கால் அடி. வேங்கை. ஒற்றைக் கதவு. ஓர் அலை, ஒரு கண், ஒரு சுழி கிடையாது. ரேகைகள் மேலிருந்து கீழே தூக்குக் குண்டு விட்டதுபோல இறங்கின. பதினோரு மாதத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது அப்படியே, ஒரு நூல் பிசகாமல்.

மறுநாள் வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பாராட்டினார்கள். என் மைத்துனர் கதவைத் தட்டிப் பார்த்து, "மாமா, கோணலே இல்ல. ஸ்கேல் வச்ச மாதிரி கீது. யாரு மேஸ்திரி?" என்றார். மேஸ்திரி பந்தலின் கடைசிக் காலருகே, வெள்ளைச் சட்டையில், யாரோ தன்னைத் திட்டிக்கொண்டிருப்பதுபோலத் தலை குனிந்து நின்றார். மூன்று பந்தி முடிந்தும் இலைக்கு வரவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்த நாள் அது. நான் கேட்ட கதவு என் முன்னால் நின்றது. எனக்கு ஏன் அது பிடிக்கவில்லை என்று தெரியவில்லை. மைத்துனரிடம், பந்தல் கடைசிவரை கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"இது சும்மா இப்போதைக்கு மாட்டினதுப்பா. எங்க கதவு இன்னும் மரத்துலதான் கீது."

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான்காம் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.