பால்மிரா அம்மாளின் கோப்பை

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்தால் என்ன குடம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கண்ணாடி ஊதுவதற்குப் பேர்போன முரானோ தீவில் ஓரெஸ்தே ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின் நடுவே, மனதுக்குள் சபதம் எடுத்தார்.

காரணம் அவருக்கு எதிரே இருந்தது. ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் ஊதினால் பறந்துவிடும்போல மெல்லிய ஒயின் கோப்பை, விளிம்புவரை சிவப்பாக. மாமியார் பால்மிரா போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மனைவி நெரீனா தன் அம்மாவின் கோப்பையை நிரப்பி வைப்பாள். சாப்பாடு முடிந்ததும் அந்த ஒயினைக் கால்வாயில் ஊற்றுவாள். அதில் ஓரெஸ்தேக்கு ஒரு சொட்டுக் கிடையாது.

"மீன் சோத்துல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் அன்று, வாயைக் கட்ட முடியாமல்.

நெரீனா அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள். "கேட்டியாம்மா? உப்பாம்."

கோப்பை ஒரு தடவை முனகியது. யார் கையும் அதன்மேல் படவில்லை.

"அது ஏன் சத்தம் போடுது?"

"முதல்ல நீ ஏன் சத்தம் போடறே? சாப்பிடு."

உயிரோடு இருந்தபோதாவது அந்த அம்மாள் தூங்குவாள். இப்போது அதுவும் இல்லை. கோப்பை ஒழிந்தால்தான் நாற்காலி காலியாகும் என்று ஓரெஸ்தேக்குத் தோன்றிவிட்டது.

ஆனால் கை பட்டு உடைந்தால் அது கொலை. குரல் பட்டு உடைந்தால்? விபத்து! நகரத்து இசை நாடக அரங்கில் முப்பது வருஷம் கோரஸில் பாடி ஓய்வு பெற்றவர் அவர், கடைசி வரிசை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் சொந்த சுதி ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும். நகத்தால் தட்டினால் அதைச் சொல்லிவிடும். அதே சுதியைப் பிசகாமல், பக்கத்தில் நின்று, உரக்கப் பாட வேண்டும். கண்ணாடி நடுங்கும். நடுக்கம் ஏறிக்கொண்டே போகும். எங்காவது கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால், தீர்ந்தது.

கோப்பையின் சுதி, தொண்டை நரம்பு புடைக்கும் உச்சத்தில் இருந்தது. துடுப்புகள் போட்டுவைக்கும் கீழ்அறையில் இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணினார்.

"என்ன கத்தல் அது?" என்றாள் நெரீனா.

"கோயில் திருவிழாவுக்குப் பாடப் பழகறேன்."

"எந்தச் சாமி அது, பாவம்?"

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கால்வாயைத் தின்றுவிட்டிருந்தது. நெரீனா சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஓரெஸ்தே அலமாரியின் இடது ஓரத்திலிருந்து கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். விளிம்பில் ஒரு காகிதத் துண்டை மடித்துத் தொங்கவிட்டார். மெதுவாக சுதியைப் பிடித்தார். காகிதம் ஆடியது. சரி!

மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார்.

கோப்பை நிறுத்தவில்லை.

ம்ம்ம் என்று அது பாடிக்கொண்டே இருந்தது. காகிதம் துடித்தது. பத்து எண்ணினார். இருபது எண்ணினார். கோப்பையை மறுபடி அலமாரியில் வைத்து, வெளியே ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமையும் அப்படியே. இந்தத் தடவை ஒரு துண்டைப் போட்டு மூடிப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து முனகியது, போர்வைக்குள் படுத்தபடி குறை சொல்லும் பெண்பிள்ளை மாதிரி.

வியாழக்கிழமை நெரீனா நகரத்திலிருக்கும் தங்கை வாந்தா வீட்டுக்குப் போனாள். ஓரெஸ்தே துறைவரைக்கும் போய், அவளைப் படகில் ஏற்றி, படகு பனிக்குள் மறைவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக் கதவைத் திறந்தார். அவர் வாயையே திறக்கவில்லை. பூட்டிய அலமாரிக்குள் கோப்பை பாடிக்கொண்டிருந்தது. முந்தைய நாட்களைவிடத் தெளிவாக. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான் அது அடங்கியது.

சனிக்கிழமை மதியம் நெரீனா மறுபடி சந்தைக்குக் கிளம்பினாள். இனிப் பொறுப்பதற்கில்லை. ஓரெஸ்தே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். கோப்பையை மேஜையில் வைத்து, காகிதத்தைத் தொங்கவிட்டு, அதற்கு முகத்தோடு முகம் வைத்தார். வயிற்றிலிருந்து, முப்பது வருஷக் கடைசி வரிசையிலிருந்து, ஒரே சுரத்தை எடுத்து எறிந்தார். காகிதம் பறந்தது. விளிம்பு மங்கலாகி அலைந்தது.

ட்டிங்!

மேஜை முழுக்கச் சில்லு. வீடு அப்படி ஒரு அமைதியாக இருந்ததை அவர் கேட்டதே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷமா, பயமா, அவருக்கே தெரியவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. நெரீனா நின்றாள். கையில் காலிக் கூடை.

"நான் தொடவே இல்ல நெரீனா! சும்மா பாடினேன்!"

"தெரியும். மூணு வாரமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்." அவள் அழவில்லை. துடைப்பத்தை எடுத்தாள். "அம்மா கோப்பையைப் போன திங்கக்கிழமையே கம்பளிச் சால்வையில சுத்தி வாந்தா வீட்டுல கொண்டுபோய் வெச்சுட்டேன்."

"அப்போ இது?"

"உன்னோடது. கல்யாணத்துக்கு எங்கப்பா உனக்குன்னு ஊதினது. அதை அம்மா கோப்பை இருந்த இடத்துல வெச்சுட்டு, உனக்குக் கடையில வாங்கின ஒண்ணை வெச்சேன். அஞ்சு நாளா அதுலதான் குடிக்கிறே, தெரியல."

"ஆனா சுதி அதேதானே இருந்துச்சு!"

"மயிரிழை வித்தியாசம். அது காதுல பட்டிருந்தா நீ முன்வரிசையில பாடியிருப்பே."

ஓரெஸ்தே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அந்த முனகல்?"

"நான்தான். கதவுக்குப் பின்னால நின்னு. கண்ணாடி ஊதுறவன் பொண்ணுக்கு அந்தச் சுதி தெரியாதா? நீ பயந்து விட்டுடுவேன்னு பார்த்தேன். செவ்வாக்கிழமை, புதன்கிழமை, ரெண்டு நாளும்."

அவருக்குப் போன உயிர் பாதி திரும்பியது. அங்கேயே நின்றுவிட்டது.

"வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை நான் எங்கே இருந்தேன்? நீதானே படகு ஏத்தி விட்டே."

"வியாழக்கிழமையும் பாடிச்சு நெரீனா. அன்னிக்குத்தான் ரொம்பத் தெளிவா."

துடைப்பம் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அம்மா கோப்பைதான் இங்கே இல்லையே" என்றாள் நெரீனா, மெல்ல. பிறகு, இன்னும் மெல்ல: "அப்போ இடமில்லாம உன் கோப்பைக்குள்ள வந்து இருந்திருக்கா. அதையும் நீ உடைச்சுட்டே."

ஓரெஸ்தே பிடித்திருந்த நாற்காலியை விட்டார். "இப்போ எங்கே போயிருப்பா?"

நெரீனா யோசித்தாள். ஆணியில் தொங்கிய தகரக் குவளையை எடுத்து, துடைத்து, அவர் இடத்தில் வைத்தாள்.

"நாளைக்கு அவ கோப்பையைத் திரும்பக் கொண்டாந்துடறேன். நீ இனிமே இதுல குடி. இதுல அம்மா குடியிருக்க மாட்டா."