சம்பந்தி மாட்டிவிட்ட உள்சட்டை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நல்லபடியாக வந்து இறங்கினோம் என்று எழுதத்தான் ஆசை. இறங்கினோம் என்பது வரை உண்மை.

இந்த ஒரு மாதமும் வெளிநாட்டுக்கு வந்த எங்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினீர்கள். அது போதாதென்று கிளம்பும்போது என் இடுப்பு வலிக்காகத் தங்கள் கையாலேயே அந்த மருத்துவ உள்சட்டையை மாட்டிவிட்டு, "உள்ளே மூலிகை உருண்டை வெச்சுத் தைச்சிருக்கு சம்பந்தி, உடம்புச் சூட்டுலதான் வேலை செய்யும், குனியாதீங்க, சாயாதீங்க, வீடு போற வரைக்கும் கழட்டாதீங்க, அங்கே ஒரு வைத்தியர் வந்து வாங்கிக்குவார்" என்றீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே இருப்பவர் சொன்னால் ஏனென்று கேட்டுப் பழக்கமில்லை. விமானத்தில் விறைத்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் அவர்மேல் கோபமாக இருப்பதாக நினைத்துத் தன் பிஸ்கட்டை நீட்டினார். பாதி வழியில் விலாப்பக்கம் ஏதோ குறுகுறுவென்றது. மருந்து பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் "கீச்" என்றது. என் மனைவி, "பசிச்சா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, இப்படி வயித்தைக் கத்த விடணுமா?" என்று தன் ரொட்டியையும் எனக்கே கொடுத்துவிட்டாள். சாப்பிட்டேன். அது நிற்கவில்லை.

இறங்கியதும் சுங்க அதிகாரி, "சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்றேன் நான். "கீச் கீச்" என்றது வயிறு.

அப்புறம் ஓர் அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டைப் பித்தானை அவிழ்த்தார்கள். உள்சட்டைப் பைகளில் ஆறு முட்டைகள். அதில் இரண்டு முட்டையாக இல்லை. இறகே இல்லாமல், கண்ணும் திறக்காமல், கட்டைவிரல் அளவில் ரெண்டு ஜீவன், வாயைப் பிளந்துக்கிட்டு என்னையே பார்க்குது. கண் திறக்காமல் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள். பார்த்தது. இன்னொரு முட்டை குளிர்ந்து போயிருந்தது. நான் எங்கேயும் சாயவில்லை சம்பந்தி, சத்தியமா சாயலை.

வனவிலங்குப் பிரிவிலிருந்து ஒரு மருத்துவரம்மா வந்தார். "இது காட்டுக் கிளி. மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான். மரத்தை வெட்டிப் பொந்துல இருந்து முட்டையைத் திருடி, இப்படி ஆள் உடம்புச் சூட்டுல கடத்தி, கூண்டுல வளர்க்கிறவங்களுக்கு விக்கிறாங்க. முக்கால்வாசி வழியிலேயே செத்துடும்" என்றார். நான் சட்டையைக் கழற்றப் போனேன். "ஐயையோ, கழட்டாதீங்க! முட்டை பொரிக்கிற சூட்டுப்பெட்டி வண்டியில வந்துக்கிட்டிருக்கு, அதுவரைக்கும் நீங்கதான் பெட்டி" என்றார். அதிகாரி குற்றவாளி எழுந்து நிற்கணும் என்கிறார். மருத்துவரம்மா தாய்ப்பறவை உட்காரணும் என்கிறார். தாய்ப்பறவை ஜெயித்தது.

யார் கொடுத்தது என்று கேட்டார்கள். என் பெண் தங்கள் வீட்டில் வாழ்கிறாள். அதை நினைத்து, வழியில் யாரோ ஒரு ஆள் கொடுத்தார் என்றேன். "யாருன்னே தெரியாதவன் கொடுத்ததை உள்ளாடையா போட்டுக்குவீங்களா?" என்றார் அதிகாரி. "போட்டுக்குவேன்" என்றேன். என் மனைவி சுவரைப் பார்த்தாள். தாங்கள் எதுவும் அறியாமல் செய்திருப்பீர்கள். அறிந்து செய்திருந்தால், இதோடு விட்டுவிடுங்கள். வழக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், தங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது. கைப்பேசியை இவர்கள் எடுத்து வைத்துக்கொண்டதால் இந்தக் கடிதம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதமும். சகல செல்வங்களோடும் தாங்கள் நீடூழி வாழ, விலாவில் கைவைத்தபடி வேண்டும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: இதற்குத் தபால்தலை தேவையில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. எனக்காகக் காத்திருந்த அந்த வைத்தியரிடம் பணம் வாங்க அடுத்த விமானத்திலேயே தாங்கள் வந்து இறங்கி, அவரைத் தேடும்போது பிடிபட்டு, பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்களாமே! "எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் என் சம்பந்தி பார்க்கிற வியாபாரம்" என்று சொன்னதாகவும் அதிகாரி சொன்னார். நான் என் மனைவியைப் பார்த்தேன். "நம்ம பொண்ணு நம்ம வீட்டுலயும் வாழலாம், நீங்க சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உள்சட்டை, வைத்தியர், ஒரு மாதமாகத் தங்கள் மாடியறை பூட்டியே இருந்தது, எல்லாம். ஆகவே மேற்கண்ட கடிதத்தை, ஆசீர்வாதம் நீங்கலாக, ரத்து செய்துகொள்ளவும். அந்த ஆசீர்வாதமும் பிள்ளைகளுக்கு மட்டும். நேரில் வந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். மூன்றாவது முட்டையில் விரிசல் விட்டிருக்கிறது, சத்தம் போடக் கூடாதாம்.