ஒரு மணித்தியாலத் திருச்சி

வத்தேகம,
வெள்ளிக்கிழமை, பொழுது சாய.

திருச்சியில் சகல சௌபாக்கியத்துடன் வாழும் அன்புத் தங்கை சுந்தரிக்கு அண்ணன் வீரையா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகமெல்லாம் இல்லை தாயி, ஆள் ஓய்ஞ்சு போய்க் கிடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகன் காதுகுத்துக்கு நான் வர முடியாது. பிளேன் போய்விட்டது, நாளைய பிளேனில் இடமும் இல்லையாம். ஒன்பது வருசம் கோயில் கோயிலாய் ஏறி இறங்கிப் பெத்த பிள்ளை. இருக்கிறது ஒரே தாய்மாமன், அவன் மடியும் இல்லையென்றால்... எழுதவே கை வரவில்லை.

இந்தியாவுக்கு ஓடின கப்பல் நின்றுபோனதால்தானே பிளேனுக்குப் போனேன். டிக்கெட் கந்தோர்ப் பிள்ளை, "கொழும்பிலிருந்து திருச்சி எரநூத்திச் சொச்சம் மைல்தான் ஐயா, ஒரு மணித்தியாலம், டீ குடிச்சு முடிக்க முந்தி எறங்கிருவீங்க" என்றது. வத்தேகமையிலிருந்து பிளேன் ஏறுகிற கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு நேரமென்று அது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், கட்டுநாயக்காவும் மேற்கே, உன் அண்ணி கமலம் விடுவாளா? அதனால் நேற்றே நல்ல நேரம் பார்த்து என் பையை மட்டும் பக்கத்து வீட்டுப் பளீல் நானாவிடம் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் பண்ணினோம். பை முந்திப் புறப்பட்டால் ஆள் எப்போது புறப்பட்டாலும் குற்றமில்லை என்று அவள் கணக்கு. இன்றைக்கு விடிய, என்னை வழியனுப்ப வேன் நிறையச் சனம். கடுகண்ணாவையில் தேங்காய் உடைத்தோம், மாவனல்லையில் ரெண்டு பிள்ளைகள் வாந்தி, கேகாலையில் சோத்துப் பார்சலைப் பிரிச்சாச்சு. அப்பத்தான் டிரைவர் செல்லச்சாமி சும்மா கேட்டான், "மொதலாளி, பாஸ்போட்டு பத்திரமா?" பையில இருக்குன்னேன். "பை?" கேட்ட கையோட அவனே வேனத் திருப்பிட்டான்.

திரும்பி வந்தா பளீல் நானா வீட்டுல பூட்டு. கெலிஓயாவுல கல்யாண வீடாம். அங்க ஓடினோம். மனுசன் என்னைக் கண்ட சந்தோசத்துல சாவிய மடியில முடிஞ்சுக்கிட்டு, "வந்துட்டுச் சாப்பிடாமப் போனா எனக்கு மானக்கேடு"ன்னு, அவங்க வழக்கப்படி நாலு பேரோட ஒரே தட்டுல உட்கார வச்சுட்டாரு. கடிகாரத்தப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன் சுந்தரி. சாவி கைக்கு வந்தப்ப மணி போயே போச்சு. ஒரு மணித்தியாலமாம்! பகல் முழுக்க ஓடியும் நான் கண்டி எல்லையத் தாண்டி நெலைக்கல.

அதனால் உன் கொழுந்தனார் மடியில் பிள்ளையை வைத்துக் குத்திவிடு. எனக்குப் பொறுக்கவில்லைதான், என்ன செய்ய. பிள்ளைக்கு வாங்கின தோட்டையும் இந்தக் கடிதத்தையும் நாளைக்குத் திருச்சிக்குச் சேலை எடுக்கப் போகிற பளீல் நானாவின் மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. மருமகன் நூறு வயது வாழ்க.

இப்படிக்கு,
ஓடிக் களைத்த அண்ணன்,
க. வீரையா

பி.கு: கடிதம் வாங்க வந்த அந்தப் பையன் என் டிக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, உங்களுக்கும் நாளைக்குத்தானே? என்னோட பிளேன்தான்" என்கிறான். சனிக்கிழமை என்றுதான் போட்டிருக்கிறது. வெள்ளி என்று சொன்னது கமலம். அவளுக்கு அப்படிச் சொன்னது நான்தானாம். மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடு. இதை நானே கொண்டுவந்து தருகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை பிள்ளையை என்னிடம் கொடு.