எம்சி அங்கிள் தொட்ட கால்கள்

எம்சி அங்கிளைப் போல மனிதர்களின் முகத்தைக் கொஞ்சமும் மதிக்காத ஒருவரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவரும் நானும் ஆறு வருடமாக ஒரே மாடியில் குடியிருக்கிறோம். இன்றுவரை என் பெயர் அவருக்குத் தெரியாது. யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "இடது பாதம் லேசா உள்ள திரும்புமே, அந்தத் தம்பியா?" என்பார். என் மனைவி அவருக்கு 'வலது முட்டி சத்தம் போடற பொண்ணு.' இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவள் ஒரு வாரம் லிப்டில் ஏறாமல் படியிலேயே இறங்கினாள். முட்டி இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டதுதான் மிச்சம்.

எல்லாம் தொழில் செய்த கோளாறு. குதிரைப் பந்தயத் திடலில் முப்பது வருடத்துக்கு மேல் அவர் சைஸ். அதாவது குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கயிறு பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறவர். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் சைஸ் செய்கிற முதல் வேலை, குதிரையின் கால்களைக் கையால் தடவிப் பார்ப்பது. சூடு தட்டினால் உள்ளே ஏதோ காயம். குதிரை வாய் திறந்து சொல்லாது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. லிப்டில், ரொட்டிச் சானாய் கடையில், தபால் பெட்டி அருகில், எந்த ஆண்பிள்ளையைக் கண்டாலும் குனிந்து முழங்காலுக்குக் கீழே ஒரு தடவு தடவுவார். பெண்களுக்குப் பார்வை மட்டும்.

"சூடு இருக்கு லா. மூனு வாரம் எம்சி."

டாக்டர் எழுதித் தரும் அந்த மருத்துவ விடுப்புச் சீட்டுக்கு நம் நாட்டில் இருக்கிற மரியாதையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் எந்த கிளினிக் வாசலையும் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு நாள் கொடுப்பதற்கே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அங்கிளோ அள்ளிக் கொடுப்பார். கீழ்வீட்டு பஸ் டிரைவருக்கு எட்டு மாதம் கொடுத்தார். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார்.

ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு, சுல்தான் கையால் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ வந்திருந்தார். மாலை, மேளம், வரிசையாகக் கேமராக்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன அங்கிள், டத்தோவின் முன்னால் குனிந்து காலைத் தொட்டார். டத்தோ நெகிழ்ந்துபோய் அவர் தலையில் கை வைத்து, "நல்லா இருங்க" என்று ஆசீர்வதித்தார். கேமராக்கள் மின்னின. அங்கிள் நிமிர்ந்து, "டத்தோ, வலது கால்ல சூடு. இன்னிக்குத் தேர் பின்னால நடக்காதீங்க" என்றார். டத்தோ நடந்தார். மறுவாரம் ஒரு கல்யாணத்தில் அவரைக் கைத்தடியோடு பார்த்தவர்கள் உண்டு.

இத்தனை நாள் நான் தூர நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்கும் ஒரு முடிவு வந்தது. நாற்பத்து நான்கு வயதில், தொப்பையோடு, இருபது வயதுப் பிள்ளைகளுடன் பூப்பந்து ஆடப் போனேன். குதிகாலுக்கு மேலே யாரோ கம்பால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தசைநார் கிழிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்த என்னைக் கண்டதும் அங்கிளின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தண்டருக்கும் இதே டெண்டன்தான் தம்பி. போன வாரம்தான் போச்சு. ரெண்டு பேரும் ஒன்னா வரலாம்."

சூப்பர் தண்டர் என்பது அவர் பொறுப்பில் இருந்த குதிரை. பெயருக்கேற்ற வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். இடி இடித்தால் லாயத்தின் மூலையில் போய் முகத்தை ஒளித்துக்கொள்வான். நாள் தவறாமல் சாயங்காலம் இடி இடிக்கிற கோலாலம்பூரில் அவன் எப்படிக் காலம் தள்ளினான் என்பதே ஆச்சரியம். அவனுடைய முதலாளி பூச்சோங்கில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு சீனர். கையை உதறிவிடத்தான் பார்த்தார். அங்கிள் கெஞ்சி ஒன்றரை வருடம் அவகாசம் வாங்கினார். "வந்ததும் ஒரே ஒரு ரேஸ். கால் மறுபடி வீங்கினா அவ்ளோதான் அங்கிள்" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். ஓடாத குதிரைக்கு லாயத்தில் இடமில்லை. அதற்கப்புறம் அது எங்கே போகும் என்று அங்கிள் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து நானும் சூப்பர் தண்டரும் ஒரே வகுப்பு மாணவர்கள். அவனுக்கு லாயத்தைவிட்டு வெளியே வரத் தடை என்றால் எனக்கும் வீட்டைவிட்டு வரத் தடை. அவன் காலுக்குக் குளிர்ந்த தண்ணீர் பீய்ச்சினால் மாலையில் என் காலுக்கும் குழாய் வரும். காயம்பட்ட கால் ஓய்வெடுக்கும்போது நல்ல கால் பாரம் தாங்கிக் கெட்டுப்போகும் என்பது லாயத்துச் சட்டம். எனவே இரண்டு காலுக்கும் முழங்கால்வரை துணி சுற்றிவிட்டார். அந்தக் கோலத்தில் பங்சாரில் இருக்கும் என் ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டு காலுமா?"

நான் ஒரு நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு வாரம் எம்சி கிடைத்தது.

பிறகு நடைப் பயிற்சி. முதலில் பத்து நிமிடம். அங்கிள் எனக்கு இடப்பக்கமாக வந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார், குதிரையை அந்தப் பக்கம் நின்றுதான் நடத்த வேண்டுமாம். நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தால் நட. 'ஓ' என்றால் நில். மூன்றே வாரத்தில் பழகிவிட்டேன். சாலை கடக்கும்போது எங்கேயோ எவனோ 'ஓ'வென்று கத்த, நான் நடுச்சாலையில் நின்று ஒரு லாரிக்காரனிடம் வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நன்றாக நடந்த நாளில் அங்கிள் பையிலிருந்து ஒரு கேரட் எடுத்துக் கொடுப்பார். "வீட்டுல ஒரு வைக்கோல் கட்டு போட்டுடவா?" என்று கேட்டாள் மனைவி.

அவள்தான் அதையும் கவனித்தாள். "அவரே நொண்டறாரு பாத்தீங்களா?"

உண்மைதான். அங்கிளின் வலது முட்டி எப்போதோ தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தும் அவர் போகவில்லை. ஊருக்கெல்லாம் எம்சி எழுதிய மனிதர், முப்பது வருடத்தில் தனக்கென்று ஒரு நாள் எடுத்தது கிடையாது. ஏன் என்று நான் கேட்டேன்.

"என் கால யாரு பாக்கப் போறா தம்பி. அவன் ஒரு ரேஸ் முடிச்சு வரட்டும், அப்புறம் நான் எம்சி போடறேன்."

பதினான்கு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. "ஒன்னோட பேட்ச்மேட் ஓடறான், நீ வராம எப்படி?" என்று என்னையும் இழுத்துப் போனார். அங்கிள் ஆயுளில் பந்தயம் கட்டியதில்லை. "டாக்டர் பேஷண்ட் மேல பெட் கட்டுவாரா?" என்பார். ஓட்டுகிற ஜாக்கியிடம் அவர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, மெதுவாக வரட்டும்.

ஒன்பது குதிரைகள். தண்டர் சொல் பேச்சு கேட்கிற பிள்ளையாக எட்டாவதாக வந்துகொண்டிருந்தான். கடைசி வளைவில் சுங்கை பீசிப் பக்கம் வானம் கறுத்து ஓர் இடி இடித்தது. ஒளிந்துகொள்ள மூலை இல்லாத இடத்தில் அவன் என்ன செய்வான்? காதை மடக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஏழு, ஆறு, ஐந்து. முதலாளி நாற்காலி மேல் ஏறிவிட்டார். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். எங்கள் அங்கிள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய் ஓடாதடா, ஓடாதடா" என்று கதறினார். பந்தயத் திடலில் தன் குதிரையை ஓடாதே என்று சொல்லி அழுத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான்காவதாக வந்தான். முதலாளிக்கு ஏக சந்தோஷம். அங்கிள் யாரையும் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே போய், மடங்காத முட்டியை மடக்கி மண்ணில் உட்கார்ந்து, தண்டரின் முன்னங்காலில் கை வைத்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. முதலாளியும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மழை விழ ஆரம்பித்தது. எனக்கு என் குதிகால் வலித்தது.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார் அங்கிள். அப்புறம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் முதலாளியும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினோம்.

மறுமாதம் சொன்னபடி அவர் எம்சி போட்டார். ஆபரேஷன் முடிந்து கிள்ளானில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தார். அந்த ஐந்து மாதம் எங்கள் லிப்டில் யாரும் யாருடைய காலையும் தொடவில்லை. ஆட்கள் ஏறினார்கள், போனைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். பழக்க தோஷத்தில் நான் ஒருநாள் இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து நின்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிள் திரும்பி வந்தார். காரைவிட்டு இறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பூக்கடைப் பக்கமாக அடிமேல் அடி வைத்து வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் ஓடிப்போய் அவருடைய இடப்பக்கத்தில் நின்று சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் எரிந்தது.

"தண்டர் எப்படி ஓடறான்?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை, என் குதிகாலைப் பார்த்துத்தான் கேட்டார்.

"போன வாரம் அஞ்சாவதா வந்தான் அங்கிள்."

"போதும் லா."

நான் குனிந்து அவருடைய வலது முட்டிக்குக் கீழே கை வைத்தேன்.

"சூடு இருக்கா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இல்ல அங்கிள். ஜில்லுன்னு இருக்கு."

எனக்கா சூடு பார்க்கத் தெரியும்? நடுத்தெருவில் ஒரு பெரியவர் காலைத் தொட்டு நான் ஆசீர்வாதம் வாங்குவதாகப் பூக்கடை அக்கா நினைத்துக்கொண்டார். அவர் நினைத்ததில் தவறொன்றும் இல்லை.