நட்டை இறுக்கின கை

முன்சக்கரம் காற்றிறங்கித் தரையோடு தேய்ந்ததும் கல்ஃபானுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோஷம். வண்டியை ஓரங்கட்டி, இறங்கிச் சுற்றிவந்து, சப்பிப்போன டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"பாத்தியா? மூணு வாரமா இதைத்தானே சொல்றேன்."

மூன்று வாரமாக அவன் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். ஸுவைனா பதினோரு வருஷம் உதவி ஆசிரியையாகவே இருந்தவள். இப்போதுதான் மலைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை என்று உத்தரவு வந்திருந்தது. சம்மதமா இல்லையா என்று இன்றைக்கு ஒரு மணிக்குள் இப்ரி நகரத்துக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அந்தப் பதவி பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உத்தரவு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

கல்ஃபானும் கெட்டவன் இல்லை. எண்ணெய் வயலில் இரண்டு வாரம், வீட்டில் இரண்டு வாரம் என்று காலம் தள்ளுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் மலை ரோடு. அவன் முகாமில் இருக்கும்போது அவள் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்வர வேண்டும். நடுவழியில் டயர் போனால் என்ன செய்வாள்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே அவளை மடக்கிவிட்டான். வேண்டாம் என்று கையெழுத்துப் போடத்தான் இப்போது அழைத்துப் போகிறான். அவள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் ஸுவைனா.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். சும்மா பாரு. இது எவ்வளவு கஷ்டம்னு கண்ணால பாத்துக்க."

மணி பத்தேமுக்கால். கால் மணி நேர வேலை என்று அவன் கணக்கு. ஸ்டெப்னி டயர் கழுவித் துடைத்தது போல இருந்தது. ஓரத்தில் புதிதாக ஒரு ஒட்டுக்கூடப் போட்டிருந்தது. தன் வண்டியைத் தான் எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்று மனைவிக்குக் கேட்கும்படி இரண்டு வார்த்தை பெருமையாகச் சொல்லிக்கொண்டான். பிறகு ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, ஸ்பானரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். நட்டு கழலவில்லை. சக்கரம்தான் கூடவே சுற்றியது.

"முதல்ல இறக்குங்க. சக்கரம் தரையில நிக்கும்போதே நட்டைத் தளர்த்தணும்."

"எனக்குத் தெரியும். உயரம் சரியா இருக்கான்னு பாத்தேன்."

இறக்கினான். இழுத்தான். முகம் சிவந்தது, நட்டு அசையவில்லை. ஆறு நட்டில் ஒன்றாவது மனம் இரங்குமா என்று வரிசையாகப் பார்த்தான். ஒன்றும் இரங்கவில்லை. கடைசியில் ஸ்பானர் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தான். ஸ்பானர் நழுவியது. அலுவலகத்துக்கென்று இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியோடு சரளைக்கல்லில் உட்கார்ந்தான். அங்கி கிழிந்தது, மணிக்கட்டு வேறு சுளுக்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஆட்டுக்காரர் ஹம்தான். பின்னால் ஒன்பது ஆடுகள். வந்தவர் டயரைப் பார்க்கவில்லை, முறைப்படி கை கொடுத்தார்.

"என்ன சேதி? என்ன விவரம்?"

"சேதி ஒண்ணுமில்லை. எல்லாம் சுகம்" என்றான் கல்ஃபான், சப்பிப்போன சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு. "உங்க பக்கம் சேதி?"

அவர் பக்கமும் சுகம்தான். அப்பா சுகம், ஆடுகள் சுகம், மலையில் மழை இல்லை. ஸுவைனா பாயை விரித்து, பேரீச்சம்பழத்தை நடுவில் வைத்து, ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். மூன்று கிண்ணம் குடித்து, போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்த பிறகுதான் டயர் பேச்சு வந்தது. மணி பதினொன்றே கால்.

ஹம்தான் பிக்கப்பிலிருந்து ஒரு நீளமான இரும்புக் குழாய் கொண்டுவந்தார். அதை ஸ்பானரில் செருகி இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுத்தினார்கள். ஏதோ வளைந்தது. நட்டு தளர்ந்தது என்று கல்ஃபான் சந்தோஷப்பட்டான். பார்த்தால் வளைந்தது ஸ்பானர்.

"இதை இறுக்கினவன் மனுஷனா, யானையா?" என்றார் ஹம்தான்.

இறுக்கினவன் யார் என்பதில் கல்ஃபானுக்குச் சந்தேகமே இல்லை. முச்சந்தியில் டயர் கடை வைத்திருக்கும் பட்டாணியன் குல் ஜமான்தான். போன வருஷம் அவன் கடையில்தான் சக்கரம் மாட்டியது. சோம்பேறிப் பயல், மெஷினை வைத்து முறுக்கித் தள்ளியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தான். ஸுவைனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

அடுத்து வந்தது தண்ணீர் லாரி. ஓட்டுநர் ஹிலால் இறங்கினார். மறுபடியும் என்ன சேதி, என்ன விவரம். மறுபடியும் மூன்று பேரும் சுகம். மறுபடியும் காபி. ஸுவைனா ஊற்றும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை ஆண்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஹிலாலிடம் சிலுவை மாதிரி பெரிய ஸ்பானர் இருந்தது. யோசனையும் பெரிதாகவே இருந்தது. ஸ்பானரில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிக்கப்பில் கட்டி இழுப்பது என்று முடிவாயிற்று. ஹம்தான் வண்டியைக் கிளப்பினார். கயிறு விறைத்தது. ஸ்பானர் நட்டை விட்டுக் கிளம்பிப் பறந்துபோய்ப் பிக்கப்பின் பின்கதவுக் கொக்கியில் அடித்தது. கதவு திறந்துகொண்டது. ஒன்பது ஆடுகளும் ஒழுங்காக வரிசையில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் போயின.

ஆடு பிடித்து முடிப்பதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு பாயில் விழுந்தார்கள். ஹம்தான் அந்த ஆறு நட்டையும் மரியாதையோடு பார்த்தார்.

"எது எப்படியோ, இந்தக் கை இருக்கிறவனை எந்த மலைக்கும் தனியா அனுப்பலாம்."

"அது உண்மை" என்றான் கல்ஃபான். வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "சத்தியமாச் சொல்றேன், இந்தக் கைக்கு எந்த ரோட்டுலயும் பயமில்லை. ஆனா அந்தக் கைய நான் இன்னைக்கு ஒடிக்காம விடமாட்டேன்."

குல் ஜமானுக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி, உடனே வா என்றான். பேசி முடித்துத் திரும்பியபோது ஸுவைனா பாயின் ஓரத்தில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தாற்போல ஏதோ இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

பத்தே நிமிஷத்தில் பழைய வேன் ஒன்று வந்து நின்றது. குல் ஜமான் யாரிடமும் சேதி கேட்கவில்லை. நட்டுகளைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் எண்ணெய் பீய்ச்சி, கொஞ்ச நேரம் பொறுத்து, ஆள் உயரக் கம்பி ஒன்றை மாட்டி, அவசரப்படாமல் உடம்பைச் சாய்த்தான். முதல் நட்டு கீச்சென்று அலறிக்கொண்டு கழன்றது. பிறகு மற்ற ஐந்தும். டயர் மாறி, நட்டுகள் அளவாக இறுகி, வேலை முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். இப்ரி இன்னும் பத்து நிமிஷ ஓட்டம்.

வேலை முடியும்வரை அடக்கி வைத்திருந்ததைக் கல்ஃபான் அப்போதுதான் அவிழ்த்தான். வளைந்த ஸ்பானரைக் காட்டினான், கிழிந்த அங்கியைக் காட்டினான், வீங்கிய மணிக்கட்டைக் காட்டினான். ஹம்தான் தன் பின்கதவைக் காட்டினார்.

"வாயைத் திறந்து பேசு. எதுக்குடா இப்படி இறுக்கினே?"

குல் ஜமான் கையைத் துணியில் துடைத்தான். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஸுவைனாவின் பக்கம் திரும்பினான்.

"என்ன டீச்சரம்மா, அன்னைக்கு மலைப் பள்ளிக்கூட ரோட்டுல பாத்தப்பவே சொன்னேனே, தனியாளா சக்கரத்தை மாத்தினதெல்லாம் சரி, ஸ்பானர் மேல ஏறி நின்னு இறுக்காதீங்கன்னு. நான் போன பிறகு மறுபடியும் ஏறினீங்களா?"